ஸ்டார்ட் ஆக அடம், ஸ்லோவில் நிற்காது: டர்ட் பைக் கோளாறை எந்த வரிசையில் தேடுவது

ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும் வண்டி பெரும்பாலும் ஸ்லோவிலும் (ஐடிலிலும்) நிற்காது, அணைந்துவிடும். ஆக்சலரேட்டரை விட்ட நிலையில் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல், கார்புரேட்டரில் பைலட் ஜெட் என்ற ஒரு சின்னத் துளையை நம்பித்தான் இருக்கிறது. அதனால் பழி முதலில் அதன் மேல் விழும். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். ஜெட் சுத்தமாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால்தான் தப்பு நடக்கிறது. கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருப்பிப் பார்ப்பது, பெரிய ஜெட் வாங்கிப் போடுவது என்று இறங்கிவிடுகிறார்கள். கிழிந்த பூட் (கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர்), இறுகிப்போன வால்வு இரண்டையும் பெரிய ஜெட் போட்டுக் கொஞ்ச நாள் ஏமாற்றி ஓட்டலாம். அதற்குள் வால்வு கெட்டுவிடும்.

கீழே உள்ளது கார்புரேட்டர் வைத்த ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு. டூ ஸ்ட்ரோக்குக்கு மட்டும் பொருந்துவது தனியாக இருக்கிறது. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் பக்கத்தில் இருக்கட்டும். இங்கே சொல்லும் எண்ணுக்கும் மேனுவலுக்கும் வித்தியாசம் இருந்தால் மேனுவல் சொல்வதே சரி.

எதையும் கழற்றும் முன்

பெட்ரோல் எப்போது ஊற்றியது? ஒரு மாதத்துக்கு மேல் கிண்ணத்தில் கிடந்த பெட்ரோலை நம்ப வேண்டாம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் திறந்து, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரண்டு நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனிக் கொப்புளமாக உருண்டு நிற்பது தண்ணீர். வார்னிஷ் வாடை அடித்தால் டேங்கையும் காலி செய்ய வேண்டும்.

அடுத்து பெட்ரோல் ஓட்டம். கார்புரேட்டருக்குப் போகும் ஓஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். சீராக ஊற்ற வேண்டும். முதலில் நன்றாக வந்து, பிறகு நூலாக மெலிந்தால் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உடனே ஓட்டம் திரும்பினால் மூடியில் உள்ள காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது அதிலுள்ள ஒருவழி வால்வைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடி அணைந்துபோகும் வண்டிகளில் இதை மறக்காமல் பாருங்கள். செலவே இல்லாத ரிப்பேர்.

ஏர் ஃபில்டரைக் கையில் பிழிந்து பாருங்கள். எண்ணெய் சொட்டினால் அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். கில் சுவிட்சின் ஒயரைக் கனெக்டரில் பிடுங்கிவிட்டு ஒரு தடவை கிக் அடியுங்கள். சேறு போய் உள்ளே ஷார்ட் ஆன சுவிட்ச் வண்டியை நாள் முழுக்க முடக்கிப்போடும். ஒயரைப் பிடுங்கியிருக்கும்போது சுவிட்சால் வண்டியை நிறுத்த முடியாது. சோக்கைப் போட்டோ, ஐந்தாவது கியரில் பிரேக்கை அழுத்திக் கிளட்ச்சை விட்டோதான் அணைக்க வேண்டும்.

அறிகுறி 1: ஆறிய வண்டி, எத்தனை கிக் அடித்தாலும் வரவில்லை

சோக் போட்டுப் பத்துக் கிக் அடித்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் போவது என்று பிளக்தான் சொல்லும்.

*பிளக் காய்ந்திருக்கிறது.* பெட்ரோல் சிலிண்டருக்குள் வரவில்லை. டேப், டேப்புக்குள் இருக்கும் வலை, கார்புரேட்டர் ஃப்ளோட் நீடில் (கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஊசி) ஒட்டிக்கொண்டதா, கடைசியாக பைலட் ஜெட். கிண்ணத்தின் பக்கத்தில் ஸ்குரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டிய பிறகு வண்டி வந்தால் நீடில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் மறுபடியும் ஒட்டும்.

*பிளக் நனைந்திருக்கிறது.* பெட்ரோல் வருகிறது. நெருப்பு இல்லை, அல்லது பெட்ரோல் அதிகம். டேப்பை மூடுங்கள். பிளக்கை வெளியே வைத்தபடியே, கில் சுவிட்சை அழுத்திக்கொண்டு, ஆக்சலரேட்டரை முழுவதும் திறந்து பிடித்து எட்டுப் பத்துக் கிக் அடித்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். திறந்து *பிடிக்க* வேண்டும், திருகித் திருகி விடக்கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் கார்புரேட்டரில் ஆக்சலரேட்டர் பம்ப் இருந்தால் ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு பீய்ச்சு பெட்ரோல் உள்ளே போகும்.

பிறகு ஸ்பார்க். புது பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பை பிளக் துளையிலிருந்து தள்ளி, இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வைத்துக் கிக் அடியுங்கள். துளை ஓரத்தில் வைத்தால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீல நிறத்தில், சத்தத்தோடு வந்தால் நல்லது. மஞ்சளாக, நூல் போல வந்தால் கேப்பைக் கழற்றி, ஒயர் முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டி, மறுபடியும் திருகிப் பாருங்கள். பச்சைப் பூசணம் பிடித்த முனை எத்தனையோ காயிலை அநியாயமாக மாற்ற வைத்திருக்கிறது. பிளக் இடைவெளி மேனுவலில் உள்ளபடி இருக்கட்டும், பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ.க்குள் வரும்.

ஸ்பார்க்கே இல்லை, கில் சுவிட்ச் கழற்றியாகிவிட்டது, புது பிளக் போட்டாகிவிட்டது என்றால் மல்டிமீட்டரில் காயில், ஸ்டேட்டர் (மேக்னெட் வீலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சுருள்) ஓம் அளவு எடுத்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். மீட்டர் பழக்கமில்லாதவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போகலாம். ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியை அளந்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. மற்றதெல்லாம் சரி என்று ஆன பிறகுதான் அதை மாற்ற வேண்டும். முதலில் அதை வாங்குகிறவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

நல்ல ஸ்பார்க், ஈரமான பிளக், ஆனாலும் கிக்கர் பின்னால் உதைக்கிறதா? மேக்னெட் வீலைப் பிடித்திருக்கும் சின்னச் சாவிக்கட்டை அறுந்து டைமிங் நகர்ந்திருக்கலாம். மேக்னெட் புல்லர் இல்லாமல் அதைத் தட்டிக் கழற்ற வேண்டாம்.

அறிகுறி 2: சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது

ஆக்சலரேட்டர் கொடுத்தால் நன்றாக இழுக்கும், விட்டால் நிற்காது. இது பைலட் ஜெட் அடைப்பின் முகவரி. 40, 45 எண் போட்ட ஜெட்டின் துளை அரை மி.மீ. கூட இருக்காது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஒழுங்கான வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். புள்ளி தெரிந்தால் போதாது. நிலாப் பிறை போல ஒரு பக்கம் நசுங்கித் தெரிந்தாலே பாதி அடைத்திருக்கிறது.

சுத்தம் செய்யும் முறை:

1. டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்து, கார்புரேட்டரை வெளியே எடுங்கள். வண்டியில் இருக்கும்போதே சாய்த்து வைத்துச் செய்யலாம், ஆனால் மேலிருந்து மண் விழும்.
2. கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் மெயின் ஜெட். அதன் பக்கத்தில் ஆழமான குழியில் இருப்பது பைலட் ஜெட். குழியின் அகலத்துக்குப் பொருந்தும் தட்டை ஸ்குரூ டிரைவர் வேண்டும். அகலம் குறைந்ததைப் போட்டால் பித்தளைக் காடி வழுக்கிவிடும், பிறகு ஜெட் வராது.
3. ஜெட்டை கார்புரேட்டர் கிளீனரில் ஊறப்போடுங்கள். பிசின் இறுகியிருந்தால் ஒரு ராத்திரி. பிறகு ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை விட்டு எடுங்கள். எஃகு ஊசி, குண்டூசி வேண்டாம்; துளை பெரிதானால் ஜெட் நம்பரே மாறிவிடும்.
4. மிக்சர் ஸ்குரூவை (ஸ்லோவில் காற்று, பெட்ரோல் கலவையை மாற்றும் சின்ன ஸ்குரூ) முதலில் *உள்ளே* திருப்பி, லேசாக முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே எடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதனோடு ஸ்பிரிங், மெல்லிய வாஷர், ஓ ரிங் வரிசையாக வரும். ஓ ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கிளீனர் அடித்தால் பறந்து போய்விடும். அது இல்லாமல் மாட்டினால் அந்த வழியாகக் காற்று போய், வண்டி முன்பைவிட மோசமாகும்.
5. ஜெட் இருந்த குழியிலும் ஸ்குரூ துளையிலும் கிளீனர் அடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. கார்புரேட்டரின் இன்ஜின் பக்க வாயில், ஸ்லைடுக்கு (ஆக்சலரேட்டர் கேபிள் தூக்கும் தடுப்பு) அடியில், ஊசி முனை அளவில் துளைகள் இருக்கும். எல்லாத் துளையிலும் பீய்ச்சி வர வேண்டும். ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு இந்த வழியை விட்டுவிட்டால், மறுபடியும் கார்புரேட்டரை இறக்க வேண்டியிருக்கும்.

ஸ்லைடையும் கழற்றுகிறீர்கள் என்றால் முன்னதாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கெய்ஹின் எஃப்சிஆர் கார்புரேட்டரில் ஸ்லைடோடு சேர்ந்து ஒரு தனித் தகடு வரும். அதைத் தலைகீழாக மாட்டினால் வண்டி ஸ்லோவில் நிற்கவே நிற்காது, எந்த ஜெட் போட்டாலும் சரி. சுத்தம் செய்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

இன்னொன்று: கிளட்ச் பக்கம் ஹாட் ஸ்டார்ட் லீவர் (சூடான இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடுதல் காற்று விடுவது) உள்ள வண்டியில், அதன் கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தாலோ, பிளஞ்சர் பாதியில் சிக்கியிருந்தாலோ, அது எப்போதும் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அறிகுறி அப்படியே பைலட் ஜெட் அடைப்பு போலத்தான். கார்புரேட்டரை இறக்குவதற்கு முன் இந்தக் கேபிளைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

அறிகுறி 3: ரேஸ் கொடுத்து விட்டால் இறங்க மறுக்கிறது, அல்லது தானே ஏறி இறங்குகிறது

எங்கோ காற்று அடிக்கிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் பூட், அதன் கிளாம்ப், பூட்டை இன்ஜினோடு சேர்க்கும் ஓ ரிங் அல்லது பேக்கிங். பூட்டைக் கையால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

வண்டியை ஓடவிட்டு, பூட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். கார்புரேட்டர் கிளீனர் அடித்தும் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், தண்ணீரே போதும். ஓட்டை பூட்டில் இருந்தால் புது பூட். சிலிக்கான் பசை தடவினால் பெட்ரோலில் ஊறி உரிந்து உள்ளே போகும்.

பூட் நன்றாக இருந்தால் ஆக்சலரேட்டர் கேபிள் சிக்குகிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது ரேஸ் ஏறினால் கேபிள் போகும் வழி தப்பு.

அறிகுறி 4: ஸ்லோவில் நின்றாலும் தடுமாற்றம், கருப்புப் புகை, பிளக்கில் காய்ந்த கரி

பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர், பிறகு சோக் பிளஞ்சர் முழுக்க உட்காருகிறதா, பிறகு ஃப்ளோட். ஓவர் ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் நீடில் தேய்ந்திருக்கிறது அல்லது அதன் சீட்டில் மண். நீடில் முனையை நகத்தால் தடவுங்கள். வளையம் போலப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். ஃப்ளோட் உயரத்தை மேனுவல் அளவுக்கு வையுங்கள். உயரமான மலைப் பகுதிக்குக் கொண்டுபோன வண்டியில் இதே அறிகுறி வந்தால் ஒன்றும் கெடவில்லை. அங்கே காற்று மெலிது, ஜெட் ஒரு படி சின்னதாக வேண்டும்.

அறிகுறி 5: ஆறியிருந்தால் வருகிறது, சூட்டில் அணைந்தால் வரமாட்டேன் என்கிறது

கீழே விழுந்து எழுந்த வண்டி என்றால் பெட்ரோல் நிரம்பியிருக்கும். ஹாட் ஸ்டார்ட் லீவரை இழுத்துப் பிடித்து, ஆக்சலரேட்டரைத் தொடாமல், பிஸ்டனை மேலே கொண்டுவந்து சற்றே தாண்ட வைத்து, முழு நீளத்துக்கு ஒரே கிக். அரை அரையாகப் பத்து அடிப்பதற்கு இது மேல். லீவர் இல்லாத வண்டிக்கு ஆக்சலரேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து அடியுங்கள்.

விழாமலே இப்படிச் செய்தால் சூட்டிலேயே ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் இல்லை, அரை மணி ஆறியதும் வருகிறது என்றால் ஸ்டேட்டரோ காயிலோ சூட்டில் அறுகிறது. ஆறிய பிறகு மீட்டர் வைத்தால் எல்லாம் நல்லதாகத்தான் காட்டும். ஸ்பார்க் நன்றாக இருந்தால், ஃபோர் ஸ்ட்ரோக்கில் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 6: தள்ளிவிட்டால் உடனே வருகிறது, கிக்கில் வருவதில்லை (ஃபோர் ஸ்ட்ரோக்)

பந்தய வகை 250, 450 சிசி வண்டிகளில் இது வால்வு இறுகியதன் அடையாளம். வால்வின் முகம் தேயத் தேய அது சீட்டுக்குள் மேலேறும். இடைவெளி குறைந்து, கடைசியில் முழுக்க மூடாமல் நிற்கும். தள்ளும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் கசிவையும் மீறிப் பற்றிக்கொள்கிறது. டைட்டானியம் வால்வில், அதுவும் இன்டேக் பக்கம், மேல்பூச்சு போனபின் தேய்மானம் மிக வேகம். மண் புகுந்த ஏர் ஃபில்டர்தான் வழக்கமான குற்றவாளி.

வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்முனையில் நிறுத்தி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ஒவ்வொரு வால்வாக அளந்து எழுதுங்கள். இன்டேக் பெரும்பாலும் 0.10 முதல் 0.19 மி.மீ.க்குள், எக்ஸாஸ்ட் அதைவிட அதிகமாக இருக்கும். துல்லியமான அளவு மாடலுக்கு மாடல் மாறும். கேஜ் சற்றே பிடித்து இழுபட வேண்டும், திணிக்கக்கூடாது.

இடைவெளியைச் சரிசெய்ய வால்வின் மேல் வைக்கும் சின்னத் தகடுதான் ஷிம். ஷிம் கணக்கு: பழைய ஷிம், கூட்டல் இப்போதைய இடைவெளி, கழித்தல் வேண்டிய இடைவெளி. உதாரணமாகப் பழைய ஷிம் 1.80, இடைவெளி 0.08, வேண்டியது 0.12 என்றால் 1.76 வரும். கிடைப்பது 1.75, அதைப் போட்டால் இடைவெளி 0.13. போதும். கேம் கழற்றும்போது டைமிங் செயினைக் கம்பியால் கட்டி வையுங்கள், துளையில் துணியை அடையுங்கள். ஷிம் ஒன்று கீழே விழுந்தால் இன்ஜினைப் பிளக்க வேண்டியிருக்கும்.

ஒரு முறை ஷிம் மாற்றினால் அது தாங்க வேண்டும். சில மணி நேர ஓட்டத்திலேயே மறுபடியும் இறுகினால் அந்த வால்வு முடிந்தது. இன்னும் மெலிந்த ஷிம் தேடாதீர்கள். டைட்டானியம் வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைக்கவும் கூடாது, இருக்கிற பூச்சும் போய்விடும்.

வால்வு அளவு சரி, ஆனாலும் கிக்கில் வலுவே இல்லையா? ஆட்டோ டிகம்ப்ரஷன் (கிக் லேசாக இருக்க அழுத்தத்தைத் தானே குறைக்கும் அமைப்பு) உள்ள இன்ஜினில் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் குறைவாகவே காட்டும், அதை நம்பி இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். லீக் டவுன் சோதனைதான் சரி. மேல்முனையில் பிஸ்டனை நிறுத்தி பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தால், கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங்.

டூ ஸ்ட்ரோக்கில் மட்டும்

ஏர் ஃபில்டர், பைலட் ஜெட், பூட் மூன்றும் நல்லது என்று ஆனபின் ரீட் வால்வை (இன்டேக் வழியில் இருக்கும் மெல்லிய இதழ் வால்வு) கழற்றுங்கள். இதழ்களின் முனை உடைந்திருக்கிறதா, வெளிச்சத்துக்குப் பிடித்தால் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். உடைந்த துண்டு கையில் கிடைக்காவிட்டால் அது உள்ளே போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கிராங்க் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒன்றாக, கிராங்க் சீல் இரண்டு. மேக்னெட் பக்கச் சீல் போனால் காற்று உறிஞ்சும்: ரேஸ் இறங்காது, பிளக் வெளுக்கும். இந்த நிலையில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடிக்கும்: நிற்காத வெள்ளைப் புகை, ஈரக் கரி பிடித்த பிளக், ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். உறுதிப்படுத்த இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றிப் பார்ப்பார்கள்; நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு. இந்தச் சாதனம் இல்லாதவர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

சில மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்குகளில் ஐடில் ஸ்குரூவை (ஸ்லோ வேகத்தை வைக்கும் ஸ்குரூ) வேண்டுமென்றே குறைத்து, ஸ்லோவில் நிற்காதபடி வைத்திருப்பார்கள். பழைய வண்டி வாங்கியிருந்தால் கோளாறு தேடும் முன் அந்த ஸ்குரூவை ஒரு சுற்று உள்ளே திருப்பிப் பாருங்கள்.

மிக்சர் ஸ்குரூ: எல்லாம் முடிந்த பிறகு

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஐடில் ஸ்குரூ வேறு, மிக்சர் ஸ்குரூ வேறு. பெரிய குமிழ் ஸ்லைடைத் தூக்கும், சின்னது கலவையை மாற்றும். மிக்சர் ஸ்குரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது ஃப்யூயல் ஸ்குரூ: வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் ஏர் ஸ்குரூ: வெளியே திருப்பினால் காற்று கூடும்.

லேசாக முட்டும்வரை உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே வையுங்கள். ஐடிலைக் கொஞ்சம் இறக்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி, எங்கே சத்தம் அதிகபட்சமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஐந்து விநாடி காத்திருங்கள். பிறகு ஐடிலை மேனுவல் அளவுக்கு ஏற்றுங்கள். பந்தய ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 1,700 முதல் 2,000 ஆர்பிஎம் வரை சாதாரணம். சாலை வண்டி போல மெதுவாக வைக்க ஆசைப்பட்டால் அணைந்துகொண்டேதான் இருக்கும்.

ஃப்யூயல் ஸ்குரூ இரண்டரைச் சுற்றுக்கு மேல் கேட்டால் பைலட் ஜெட் ஒரு படி பெரிதாக வேண்டும். முக்கால் சுற்றுக்குள்ளேயே நன்றாக ஓடினால் ஒரு படி சின்னது. ஏர் ஸ்குரூவில் அப்படியே தலைகீழ்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும் இடம்

லீக் டவுனில் வால்வு கசிகிறது; கிராங்க் சீல் போயிருக்கிறது; சூட்டில் ஸ்பார்க் அறுகிறது; இன்ஜினுக்குள் கடகடவென்று சத்தம். இவற்றில் ஒன்று தெரிந்துவிட்டால் கிக் அடித்துக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள். வண்டியோடு நான்கு விவரத்தை எழுதிக் கொடுங்கள்: ஒவ்வொரு வால்வின் இடைவெளி, இப்போது உள்ள பைலட் ஜெட் எண், மிக்சர் ஸ்குரூ எத்தனை சுற்று வெளியே, கோளாறு ஆறிய வண்டியிலா சூட்டிலா. பிளக்கையும் துடைக்காமல் அப்படியே ஒரு உறையில் போட்டுக் கொடுங்கள்.